வாசகர் கேள்வி–பதில்: இல்லங்களில் வளரும் பதின்வயதினர்

குழந்தைகள் இல்லங்களில் தங்கி வளரும் பதின்வயதினரின் மனநிலை குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களும் இல்லங்களின் பெயர்களும் இங்கே இடம்பெறவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் அச்சிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும் இதுவே முறையாக இருந்திருக்கும்.

கேள்வி: பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்களிடம் 14 வயதில் இருவர் இருக்கிறார்கள். ஒருத்தி தாய் தந்தை இருவரையும் இழந்தவள். ஆனாலும் எதையும் தாங்கிக்கொண்டு கலகலப்பாக இருக்கிறாள். மற்றவளுக்குத் தாய் இருக்கிறார். அவள் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், கோ-கோ விளையாட்டில் பரிசு வாங்குகிறாள். ஆனால் வாயைத் திறந்தால் ‘நான் எதுக்கும் லாயக்கில்லை மிஸ்’ என்கிறாள். ஒரே கூரை, ஒரே சாப்பாடு. பிறகு ஏன் இந்த வேறுபாடு? மனவலிமை என்பது பிறவியிலேயே வருவதா?
— இல்லத் தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நீங்கள் இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அடிபட்ட பிறகும் உண்பது, உறங்குவது, படிப்பது, பழகுவது ஆகியவற்றைத் தொடர முடிவது மீள்திறன். ‘நான் யார், நான் எப்படிப்பட்டவள்’ என்று ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தனக்குள் வைத்திருக்கும் எண்ணம் தற்கருத்து. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று நொறுங்கிக் கிடப்பது பதின்வயதில் புதிதல்ல. உங்கள் கோ-கோ வீராங்கனை அப்படிப்பட்ட ஒருத்தியாகத்தான் தெரிகிறாள்.

பதின்வயதினரின் தற்கருத்தை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர், அது ஒற்றைப் பொருள் அன்று என்று காட்டினார். படிப்பு, விளையாட்டு, தோற்றம், நட்பு, நடத்தை என ஒவ்வொன்றிலும் பிள்ளை தன்னைத் தனித்தனியாக எடைபோடுகிறது. தான் முக்கியம் என்று கருதும் துறையில் எப்படி இருக்கிறோம் என்பதும், தனக்கு முக்கியமான மனிதர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் சேர்ந்தே ‘நான் மதிப்புள்ளவளா’ என்ற ஒட்டுமொத்தத் தீர்ப்பு உருவாகிறது. எனவே விளையாட்டுப் பரிசு விளையாட்டைப் பற்றிய ஐயத்தை மட்டுமே தீர்க்கும். ‘அம்மா உயிரோடு இருந்தும் நான் ஏன் இங்கே இருக்கிறேன்’ என்ற கேள்வியை எந்தக் கோப்பையாலும் தீர்க்க முடியாது. பெற்றோரை இழந்தவளின் துயரம் பெரிது. ஆனால் அந்த இழப்புக்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் இருக்கின்றன. தாய் இருப்பவளுக்கோ பார்வையாளர் நாள் ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வி புதிதாகத் திறக்கிறது. பதில் கிடைக்காத பிள்ளைகள் பெரும்பாலும் தாமே ஒரு பதிலை எழுதிக்கொள்கிறார்கள்: ‘என்னிடம்தான் ஏதோ குறை.’ உங்கள் காதில் விழும் ‘லாயக்கில்லை’ அதன் சுருக்கம் என்றே நினைக்கிறேன்.

மனவலிமை பிறவியிலேயே வருவதா என்ற கேள்விக்கு, ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை நடுவயது வரை பின்தொடர்ந்து எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடத்திய ஆய்வைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வறுமை, பிரசவச் சிக்கல், குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த சூழலில் பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திறமையும் நம்பிக்கையும் உள்ள இளைஞர்களாக வளர்ந்தார்கள். எளிதில் பழகும் இயல்பு அவர்களுக்கு உதவியது உண்மை. ஆனால் அவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை வேறு சில: தன்னை விடாமல் பற்றிக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தார், அவர் பாட்டியாகவோ அக்காவாகவோ ஆசிரியராகவோகூட இருக்கலாம், தான் செய்யாவிட்டால் நடக்காது என்ற ஏதாவது ஒரு வீட்டுப் பொறுப்பு இருந்தது. பதின்வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பதுகளில் மீண்டு வந்திருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. 14 வயதில் ஒரு பெண்ணைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் கையில் இருப்பவை. பணியாளர் ஓயாமல் மாறும் இல்லத்தில் ‘விடாமல் பற்றிக்கொண்ட பெரியவர்’ உருவாகவே முடியாது; ஆகவே அந்தப் பெண்ணுக்குப் பொறுப்பான ஆள் நீங்கள் என்பதை நிர்வாகம் எழுத்தில் உறுதிசெய்யட்டும், நீங்கள் விடுப்பில் போகும்போது எப்போது திரும்புவீர்கள் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ‘நீ ரொம்ப நல்ல பிள்ளை’ என்ற பொதுப் பாராட்டை அவள் நம்ப மாட்டாள். ‘நேற்று அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அவளுக்கு விளங்கிவிட்டது’ என்று நடந்ததைச் சொன்னால் அதை மறுக்க அவளுக்கு வழியிருக்காது. பூட்டக்கூடிய ஒரு பெட்டி, தானே தேர்ந்தெடுத்த ஒரு சுடிதார், தன் விருப்பப்படி வாரிக்கொள்ளும் தலைமுடி ஆகியவை வெளியில் இருப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். எல்லாமே பொதுவாக இருக்கும் இடத்தில் ‘நான்’ என்பது இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என வயதுவாரியாகக் குழந்தைகள் குழுக்கள் அமைக்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறுகின்றன. பல இடங்களில் அது பதிவேட்டில் மட்டும் கூடும் குழு. உங்கள் இல்லத்தில் அது உண்மையாகக் கூடி, வாரத்தின் சமையல் பட்டியலையாவது பிள்ளைகளே முடிவுசெய்யட்டும்.

அந்தப் பெண் உணவையோ உறக்கத்தையோ வெறுத்தாலும், தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலும், சாவைப் பற்றிப் பேசினாலும், இவையெல்லாம் போதாது. அன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. கலகலப்பாக இருப்பவளையும் சற்றுக் கவனியுங்கள். தொந்தரவு தராத பிள்ளையை நாம் நன்றாக இருக்கும் பிள்ளை என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் அருகிலுள்ள இல்லத்திலிருந்து வரும் மாணவர்கள் படிக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அவர்களை ‘ஹோம் பசங்க’ என்றே அழைக்கிறார்கள். அவர்கள்மீது இரக்கப்பட்டு வீட்டுப்பாடத்திலும் தேர்விலும் நான் கொஞ்சம் தளர்வு காட்டுகிறேன். இது சரியா?
— பட்டதாரி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தளர்வு சரியன்று, ஐயா. ‘இவனிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்’ என்று ஆசிரியர் நினைப்பதை மாணவன் மதிப்பெண்ணைப் பார்த்தே புரிந்துகொள்வான், பிறகு தன்னைப் பற்றியும் அப்படியே நினைப்பான். முதல் நாள் இரவு இல்லத்தில் விளக்கு அணைக்கும் நேரத்தால் வீட்டுப்பாடம் முடியவில்லை என்றால், அதற்குக் கூடுதல் நேரம் கொடுப்பது நியாயம். தரத்தைக் குறைப்பது நியாயம் ஆகாது.

பள்ளியின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. லண்டனின் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்த பெண்களை அவர்களின் இருபதுகளில் தேடிப்பிடித்து டேவிட் குவின்டனும் மைக்கேல் ரட்டரும் ஆராய்ந்தார்கள். பள்ளியில் ஏதாவது ஒரு நல்ல அனுபவம் பெற்றிருந்தவர்கள், வேலையிலும் திருமணத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்காமல் திட்டமிட்டு முடிவெடுப்பவர்களாக வளர்ந்திருந்தார்கள். அந்த நல்ல அனுபவம் தேர்வு வெற்றியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இசையோ விளையாட்டோ கூடப் போதுமானதாக இருந்தது. வீட்டிலும் வேறு பல இடங்களிலும் மதிப்பைப் பெறும் பிள்ளைக்குப் பள்ளி அவற்றுள் ஒன்று. இல்லத்துப் பிள்ளைக்குப் பல சமயம் அது ஒன்றே இடம்.

‘ஹோம் பசங்க’ என்ற பெயரைப் பொறுத்தவரை, அதை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ‘ஹோம் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்’ என்று உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் கூப்பிடும் வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, குழந்தையை இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. படிவங்களைத் தனியாக அழைத்து நிரப்புங்கள். குடும்ப மரம் வரையும் பாடம் வரும்போது ‘உனக்கு முக்கியமானவர்களை வரை’ என்று வகுப்பு முழுவதற்கும் மாற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: சமூகப்பணி முதுகலை மாணவி நான். இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் தன்மதிப்பு, வீட்டில் வளரும் பிள்ளைகளின் தன்மதிப்பைவிடக் குறைவு என்பதை ரோசன்பர்க் அளவுகோல் கொண்டு நிறுவ விரும்புகிறேன். தங்கள் ஆலோசனை தேவை.
— மாணவி, திருச்சி

பதில்: நிறுவ வேண்டும் என்று தொடங்காதீர்கள், குறைவா என்று கேட்டுத் தொடங்குங்கள். 2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தியா, கம்போடியா, எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 6 முதல் 12 வயது வரையிலான ஆதரவற்ற குழந்தைகளை ஒப்பிட்டது. இல்லங்களில் இருந்தவர்களின் உடல்நலமும் மனநலமும், உறவினர் வீடுகளில் வளர்ந்த அதேபோன்ற குழந்தைகளைவிட மோசமாக இல்லை என்று அது கண்டது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 சிறு குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வோ, இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்கு மாறியவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் மாறியவர்கள், தெளிவாக முன்னேறியதைக் காட்டியது. இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒப்பிடப்பட்ட வயதும், இல்லத்தின் தரமும், ‘வீடு’ என்று எதைக் கொண்டார்கள் என்பதும் வேறு வேறு. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளை ஒரு பக்கமும் இல்லத்துப் பிள்ளைகளை மறுபக்கமும் வைத்தால், நீங்கள் அளப்பது வறுமையையே. அதற்கு ஆய்வேடு வேண்டாம்.

அமெரிக்க சமூகவியலாளர் ரோசன்பர்க் தன்மதிப்பை அளக்க 1965-இல் தந்த அளவுகோலில் பத்து வாக்கியங்கள் உள்ளன. ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. எதிர்மறை வாக்கியத்துக்கு ‘உடன்படவில்லை’ என்று குறிப்பதில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதனால் முன்னோட்டம் பார்க்காமல் களத்துக்குப் போகாதீர்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் கணக்கிடாமல், இல்லத்தில் சேர்ந்தபோது இருந்த வயது, பொறுப்பான பணியாளர் எத்தனை முறை மாறினார், உறவினர் வந்து பார்க்கிறாரா என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். என் கணிப்பில் உங்கள் ஆய்வின் சாரம் அங்கேதான் கிடைக்கும். இல்லத்துக்குப் பொறுப்பான அரசுத் துறையின் அனுமதியும் பிள்ளையின் சம்மதமும் இரண்டுமே வேண்டும். பிள்ளை மறுத்தால் அதைக் கண்காணிப்பாளரிடம் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: என் மகனின் பிறந்தநாளை ஆண்டுதோறும் ஓர் இல்லத்தில் கேக் வெட்டி, உணவு வழங்கிக் கொண்டாடுகிறோம். இம்முறை நிர்வாகி, படம் எடுக்கக் கூடாது என்றார். நல்லெண்ணத்தைக்கூடச் சந்தேகிப்பதா?
— வாசகர், சென்னை

பதில்: அந்த நிர்வாகி சரியாகச் சொன்னார். படத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். முகநூலும் வாட்ஸ்அப்பும் விலக்கல்ல. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 15 வயதுப் பையன் ஒருவன், முன்பின் தெரியாத ஒரு சிறுவனுக்காக வரிசையில் நின்று கைதட்டிப் பாடி, தட்டை நீட்டும் மாலையில் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வான்? அவர்களில் சிலரின் பிறந்த தேதி, சான்றிதழுக்காக யாரோ குத்துமதிப்பாக எழுதியது. உங்கள் மகனின் பிறந்தநாளை வீட்டில் கொண்டாடுங்கள். அந்தத் தொகையை மூக்குக் கண்ணாடிக்கோ பன்னிரண்டாம் வகுப்புத் தனிப்பயிற்சிக்கோ கொடுங்கள். நேரம் இருந்தால், நிர்வாகத்தின் ஒப்புதலோடு வாரம் ஒருமுறை தவறாமல் வந்து ஆங்கிலமோ கணக்கோ சொல்லிக்கொடுங்கள். தவறாமல் வர முடியாது என்றால் அதைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு, பனியன் கம்பெனி வேலையை நம்பி, மகனை இல்லத்தில் சேர்த்தேன். இப்போது அவனுக்கு 13 வயது. மாதம் ஒருமுறை பார்க்கப் போனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாங்கிப் போகும் தின்பண்டத்தைத் தொடுவதில்லை. நான் அவனைக் கெடுத்துவிட்டேனா?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: இல்லை, அம்மா. தமிழ்நாட்டு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இருக்கிறார். உங்களைப் போன்ற தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மகன் கோபத்தை உங்களிடம் காட்டுகிறான் என்றால், உங்களைத் தன் ஆளாக இன்னும் நினைக்கிறான் என்றே அதைப் பார்க்கிறேன். வருகிறவர் யாராயிருந்தாலும் ஒன்றுதான் என்பதுபோல் சிரித்துப் பேசிவிட்டுப் போகும் பிள்ளையைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன்.

அவனிடம் யாராவது உண்மையைச் சொல்லியிருக்கிறார்களா? ‘நல்லாப் படிக்கணும்னுதான் சேர்த்தேன்’ என்பது பாதி உண்மை. அவன் வயதில் பாதி உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஷிஃப்டு நேரம், வீட்டு வாடகை, அவனைத் தனியே விட்டுப் போக நீங்கள் பயந்தது, சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்பதையெல்லாம் அவனிடம் நேராகச் சொல்லுங்கள். ‘உன்னிடம் எந்தக் குறையும் இல்லை, நம் நிலைமையால்தான்’ என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து அவன் காதில் விழ வேண்டும். ஒரே நாளில் அவன் உருகிவிட மாட்டான்; பதில் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்து எந்த ஞாயிறு வருவீர்கள் என்று சொன்னால் அன்றைக்கே போங்கள். முடியாமல் போனால் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசி அவனிடமே காரணம் சொல்லுங்கள். அவன் அப்பாவின் படம் ஒன்றும், அவன் சின்ன வயதில் நடந்த சில கதைகளும் தின்பண்டத்தைவிட அவனுக்குப் பயன்படும். பிரிட்டனில் இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் இருக்கும் பிள்ளைகளோடு அமர்ந்து, பிறந்த ஊர், உறவுகள், இடம்மாறிய காரணங்கள் என அவர்களின் வாழ்க்கைக் கதையை ஒரு நோட்டில் எழுதிச் சேர்ப்பதை ஒரு முறையாகவே செய்கிறார்கள். அதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நம் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த தாய்மார்களின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் தர வழியுண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். பனியன் கம்பெனிச் சம்பளம் இந்த வரம்பைச் சில சமயம் தாண்டிவிடும், விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதுமில்லை. ஆனாலும் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் கேளுங்கள். மகனை வீட்டுக்கு அழைத்துக்கொள்ள முடியுமா என்பதை, பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்கவும் குடும்பத்திடம் திருப்பி அனுப்பவும் உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழுவிடமும் கேட்கலாம். இப்போது முடியாது என்று தெரிந்தால், அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. ஆறு வயதிலிருந்து இல்லத்தில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் வெளியே போக வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. வெளியே யாராவது ‘உன் அப்பா என்ன செய்கிறார்’ என்று கேட்டால் என்ன சொல்வது?
— அரசுப் பள்ளி மாணவர்

பதில்: தம்பி, பயப்படுவதில் பிழையில்லை. வீட்டில் வளர்ந்தவர்கள் 18 வயதானதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதில்லை. உங்களிடம் மட்டும் அதை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் 18 முடிந்த அன்றே எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி செய்ய வழிவகுக்கிறது. வெளியேறிய பின் தரப்படும் இந்தப் பிற்காப்பு உதவி 21 வயது வரை உண்டு, தவிர்க்க முடியாத சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யாவில் அதற்கு மாதம் 4,000 ரூபாய் வகுக்கப்பட்டிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்ற முறையில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

இவற்றை வெளியேறிய பிறகு கேட்டுப் பெறுவது கடினம். ஆகவே இந்த ஆண்டே கண்காணிப்பாளரிடம் உங்கள் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை, அதாவது உங்களுக்கென்று இல்லம் எழுதி வைத்திருக்கும் திட்டத்தை, காட்டச் சொல்லுங்கள். அதில் வெளியேறிய பின் தங்குமிடம், படிப்பு, பணம் ஆகியவை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், உங்கள் பெயரிலான வங்கிக் கணக்குப் புத்தகம், குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகல் ஆகியவை உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களை இல்லத்தில் சேர்த்தபோது எழுதிய விவரங்களையும் கேளுங்கள். அவற்றைப் படிக்கும்போது மனம் கலங்கலாம், அதனால் நீங்கள் நம்பும் பணியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சமையல், பேருந்து வழித்தடம், ஏடிஎம் பயன்பாடு, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றை இல்லத்தில் பெரும்பாலும் கற்றுத்தருவதில்லை. இல்லத்திலிருந்து ஏற்கெனவே வெளியேறி வேலையில் இருக்கும் அண்ணன்களில் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள்.

‘அப்பா என்ன செய்கிறார்’ என்ற கேள்வியை நம் ஊரில் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரும் கேட்பார். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை. வழிப்போக்கருக்கு ‘அப்பா இல்லை, நான் கல்லூரியில் படிக்கிறேன்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம். விடுதி அறைத் தோழருக்கு, பழகிய பிறகு, நீங்கள் விரும்பும் அளவு சொல்லலாம். கல்லூரி அலுவலகத்துக்கு மட்டும் உத்தரவு நகலோடு முழுவதும் சொல்லுங்கள், ஏனெனில் கட்டணச் சலுகை அதைப் பொறுத்தது. கதையை இட்டுக்கட்ட வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதை நினைவில் வைத்துக் காப்பாற்றுவது உண்மையைச் சொல்வதைவிடச் சிரமம். உதவி மறுக்கப்பட்டால், 18 ஆகும் வரை குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ நீங்களே அழைக்கலாம். அதன் பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.